438 மதிப்பெண்: கல்லூரியா, மாமாவின் பட்டறையா?

திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்துத் தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவர் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். இந்த மே மாதம் வந்த பிளஸ் டூ முடிவில் தமிழ் 91, ஆங்கிலம் 64, கணிதம் 58, இயற்பியல் 67, வேதியியல் 71, கணினி அறிவியல் 87 என மொத்தம் 600க்கு 438 வாங்கியிருக்கிறார். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போய் ஆண்டில் எட்டு மாதம் வட மாநிலங்களில் இருப்பவர். அக்கா பத்தாம் வகுப்போடு நின்று நூற்பாலைக்குப் போகிறார். சங்ககிரியில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் தாய்மாமன், "நாலு வருசம் படிச்சுட்டு பத்தாயிரம் சம்பளத்துக்கு அலையறதுக்கு இப்பவே எங்கூட வந்துரு" என்று அழைக்கிறார். இதற்கிடையில், முடிவு வந்த மூன்றாம் நாளே ஒரு முகவர் வீடு தேடி வந்து, தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் "பிடித்துத் தருவதாகவும்", ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கு வங்கிக் கடனைத் தானே ஏற்பாடு செய்வதாகவும் சொல்ல, அம்மா தோட்டை அடகு வைத்து 10,000 ரூபாய் முன்பணமும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இந்த நிலையில் தான் கல்லூரிக்குப் போகலாமா, மாமாவிடம் போகலாமா என்பது தம்பியின் கேள்வி.

பாலிடெக்னிக் ஒன்றின் இயந்திரவியல் துறையில் 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கலந்தாய்வுக் காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது இன்றும் தொடர்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி, நீங்கள் படிக்கப் போங்கள். ஆனால் அந்த முகவர் காட்டும் வாசல் வழியாகப் போகாதீர்கள். மாமாவின் பட்டறையை வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில், எந்த வழியாகப் போகிறோம், யார் பணத்தில் போகிறோம் என்ற கேள்வி காணாமல் போயிருக்கிறது. உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

முதலில் மதிப்பெண்ணைச் சரியாகப் படிப்போம். 438 என்ற மொத்தத்தை உறவினர்கள் கேட்பார்கள். பொறியியல் சேர்க்கையில் அதற்கு வேலையே இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200க்குக் கணக்கிடப்படும் கட்ஆஃப் மட்டுமே அங்கே பேசும். உங்களுக்குக் கணிதம் 58, இயற்பியலில் பாதி 33.5, வேதியியலில் பாதி 35.5, ஆக 127 வருகிறது. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்ஆஃபில் முழுதாகக் கூடும், மற்ற இரண்டிலும் அரைதான் கூடும் என்பதால், விடைத்தாள் நகல் கேட்டுப் பார்ப்பதென்றால் கணிதத்துக்கு மட்டும் கேளுங்கள். அதுவும் நீங்கள் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும்.

அடுத்த கணக்கைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இயற்பியலின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70 மட்டுமே; செய்முறை 20, அக மதிப்பீடு 10. அந்த முப்பதை ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் முழுதாகவே கொடுத்துவிடுகின்றன. உங்களுக்கும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், எழுத்துத் தேர்வில் நீங்கள் எடுத்தது 70க்கு 37. வேதியியலில் 41. கணிதத்தில் அக மதிப்பீட்டுப் பத்தைக் கழித்தால் 90க்கு 48. ஆக, மூன்று பாடங்களிலும் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடங்களின் பின்பக்கக் கேள்விகளை நன்றாகப் படித்தும், பாடத்துக்கு உள்ளிருந்து கேட்ட கணக்குகளில் தடுமாறியும் இருக்கிறீர்கள் என்பதே இதன் பொருள். பொறியியலின் முதல் இரண்டு பருவங்களில் வரும் கணிதம் முழுக்க அந்த உட்கணக்குகளின் தொடர்ச்சி, அதுவும் ஆங்கிலத்தில். கணினி அறிவியலில் வாங்கிய 87ஐ வைத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் உங்களுக்கு எளிதாக வரும் என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிப்பின் அடித்தளமும் கணிதம்தான்; 87ஐக் காட்டியவர் 58ஐ ஏன் பேசவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த முகவரைப் பற்றி. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. அன்றிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. 2018 முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிவிட்டது. கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடிந்த பிறகும் ஆண்டுதோறும் பல ஆயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. 127 கட்ஆஃப் உள்ள ஒருவருக்கு ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் ஏதோ ஓர் இடம் கிடைக்காமல் போகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு இடம் கிடைக்காதோ என்று அந்த முகவர் கவலைப்படவில்லை. தன் கல்லூரிக்கு நீங்கள் கிடைக்காமல் போய்விடுவீர்களோ என்றுதான் கவலைப்படுகிறார். அதனால்தான் கலந்தாய்வு தொடங்கும் முன்பே அசல் சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள அத்தனை அவசரம். நன்கொடை கிடையாது என்பதைச் சலுகைபோல் சொன்னாராம். கட்டாய நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறது. வாங்கக் கூடாத ஒன்றை வாங்காமல் விடுவது சலுகை ஆகாது.

உங்கள் வீட்டில் யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலில் அதுதான் முக்கியமானது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களைத் தனியாக ஒதுக்கி 2021இல் தமிழ்நாடு அரசு சட்டம் செய்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. இதற்குத் தனித் தரவரிசை உண்டு; அதாவது, நகரத்துப் பெரிய தனியார் பள்ளிகளில் 190க்கு மேல் வாங்கியவர்களோடு அல்லாமல், உங்களைப் போல் அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு மட்டுமே நீங்கள் அந்தப் பட்டியலில் நிற்கிறீர்கள். இதே மாணவர் பொதுப் பட்டியலிலும் இருப்பார். இரண்டில் எது நல்லதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாயும், ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கான சான்றும் போதும்.

முகவர் தரும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் (கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் இடம்) சேர்ந்தால் இந்த உரிமை அத்தனையும் போய்விடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்பவர்களுக்குத்தான். அந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே. உங்கள் அக்கா கல்லூரிக்குப் போகாததால் அது உங்களுக்காகக் காத்திருக்கிறது. (அக்கா பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதும் வழி இன்னும் மூடிவிடவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன், இதை வீட்டில் ஒருவராவது அவரிடம் சொல்ல வேண்டும்.) இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றை அடகுக் கடைக்குப் போய் விலைக்கு வாங்குவதாக உங்கள் அம்மா அறியாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த விலை எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்பதில்லை. ஆகவே முகவர் "கடன் ஏற்பாடு செய்கிறேன்" என்று சொல்வது அவர் சாமர்த்தியம் அல்ல. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு தொடக்கங்களில் கடன் தொகை கல்லூரிக்குப் போகிறது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது. வட்டி 10 சதவீதம் என்றும், அந்தக் காலத்துக்குத் தனி வட்டி என்றும் கொண்டால், முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு இரண்டு ஆண்டு வட்டி சேரும், அது 1,40,000. நீங்கள் முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ஆக இருக்கும். அதைப் பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். ஏழு ஆண்டில் என்றால் 9,000 ரூபாயை ஒட்டி வரும். வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அது பொருந்தும் என்றாலும், எல்லாக் கல்லூரிக்கும் எல்லாப் படிப்புக்கும் தானாகக் கிடைத்துவிடாது. உங்கள் மாமா சொல்லும் பத்தாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் ஒன்பதாயிரம் தவணைக்குப் போனால் மீதி என்ன என்பதை அவரும் நீங்களும் உட்கார்ந்து பேசலாம். மாமா படிப்பை எதிர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் எதிர்ப்பது இந்தக் கணக்கை. அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சரி, கலந்தாய்வில் கலந்துகொள்கிறீர்கள். பதிவு மே தொடக்கத்தில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தை ஒட்டி முடிந்துவிடுவது வழக்கம் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, தனக்கு எது கிடைக்கும் என்று ஊகித்து அதை மேலே போடுவது. கிடைக்குமா என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை மட்டும் வரிசைப்படுத்துங்கள். சேலம் அரசு பொறியியல் கல்லூரி வேண்டுமென்றால் அதை முதலில் போடுவதில் எந்த நட்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் பட்டியல் அடுத்த வரிக்குத் தானாக நகரும். இன்னொன்று, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் நம் பக்கத்தில் நிறைய. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள குறியீட்டு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு நிரப்புங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிய ஒரு பையன், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி என்று நினைத்து, அதே அறக்கட்டளைப் பெயரில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கல்லூரியைப் பட்டியலில் போட்டிருந்தான். ஒதுக்கீட்டு ஆணையில் மாவட்டத்தின் பெயரைப் படித்த பிறகுதான் அவன் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் மஞ்சள் பையைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கல்லூரியை எடைபோட விளம்பரப் பலகையிலுள்ள வேலைவாய்ப்புப் படங்களைப் பார்க்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பிறகும் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. கடைசி மூன்று, நான்கு பருவங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தேறாத கல்லூரியில், உங்களைப் போல் கணிதத்தில் பாதியைத் தாண்டி வந்தவரைக் கைதூக்கிவிட ஆள் இருக்காது. அங்கே இலவச இடம் கிடைத்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். கட்டணத்தை அரசு கொடுக்கும், அரியரை அரசு எழுதாது. எட்டுப் பருவம் முடிந்து பதினொரு அரியரோடு நிற்பவரிடம் பட்டம் இல்லை. நான்கு ஆண்டும் இல்லை. அவர் பிளஸ் டூ முடித்தவராகவே மறுபடி வேலை தேடுகிறார், நான்கு வயது கூடியதுதான் மிச்சம். கல்லூரியே வேண்டாம் என்று சொல்பவர்கள் காட்டும் உதாரணங்களில் பெரும்பாலானவை இந்த வகைப் பிள்ளைகள்தான்.

பாடப்பிரிவைப் பொறுத்தவரை ஒரு நடைமுறை உண்மை உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸை நோக்கி ஓடுவதால், இயந்திரவியலிலும் கட்டடவியலிலும் நல்ல கல்லூரிகளின் கட்ஆஃப்கூட இறங்கியிருக்கிறது. ஒரே 127ஐ வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பட்டியலின் அடியில் உள்ள கல்லூரிக்கும், இயந்திரவியல் என்றால் அதைவிடப் பல படி மேலே உள்ள கல்லூரிக்கும் போக முடியும். பத்தாம் வகுப்பு விடுமுறையிலிருந்தே மாமாவின் பட்டறையில் வெல்டிங் பிடித்துப் பழகியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் ஒரு தொழிலின் ருசி இருக்கும்போது, ஊர் ஓடும் பக்கம் நீங்களும் ஏன் ஓட வேண்டும்?

பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். லாரித் தொழிலில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துக்கு இந்திய அளவில் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கட்டியதில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுடையது. ஆகவே மாமாவின் யோசனையைப் படிக்காதவரின் பேச்சு என்று தள்ளுவது அறியாமை. ஆனால் அவர் தொழில் கற்ற காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அன்று லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் வந்து நின்றதும் மேஸ்திரி சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, நாடாவால் அளந்து, குறுக்குச் சட்டத்தை வெட்டச் சொல்வார். இன்று லாரி கேபின், பாடி, டிரெய்லர் கட்டுவதற்கு ஏஐஎஸ் 093 என்ற தரநிலை இருக்கிறது. பேருந்துக்கு ஏஐஎஸ் 052. அளவுகளைக் கொண்ட வரைபடம், பொருளின் தரம், பாதுகாப்பு அமைப்புகள் என எல்லாவற்றையும் காகிதத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டிய தொழிலாக இது மாறிக்கொண்டிருக்கிறது. உங்கள் மாமாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பட்டறைக்கான வரைபடத்தை இப்போது யார் போட்டுத் தருகிறார், அதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பெரும்பாலும் அது வெளியிலிருந்து பணம் கொடுத்து வாங்கும் வேலையாகத்தான் இருக்கும். பட்டறைக்கு இன்னொரு வெல்டர் கிடைப்பது கடினமல்ல. வரைபடம் போடத் தெரிந்த, வெல்டிங்கும் பிடிக்கத் தெரிந்த சொந்த மருமகன் கிடைப்பது எளிதல்ல.

என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார்; அவரும் பட்டறைக் குடும்பம். முதல் மாதம் வரைபடக் கூடத்தில் ஒரு தாங்கியின் மூன்று பக்கத் தோற்றத்தை வரையச் சொன்னபோது, பென்சிலை வைத்துவிட்டு, "ஐயா, இதைக் கையில் கொடுங்கள், செய்தே காட்டிவிடுகிறேன், வரைய மட்டும் வராது" என்றார். அவர் சொன்னது உண்மை. அதைக் கடைசல் எந்திரத்தில் பிசிறில்லாமல் செய்யக்கூடியவர்தான். இரண்டாவது பருவ முடிவில் அவர் வரைந்த தாளைப் பார்த்தபோது, கோடுகள் மற்ற மாணவர்களின் கோடுகளைவிட மெதுவாக வந்திருந்தன. ஆனால் எங்கே வெல்டிங் வரும், எங்கே துளை போட்டால் தகடு கிழியும் என்பதை அவர் மட்டுமே யோசித்துப் போட்டிருந்தார். பட்டறை அனுபவம் உள்ள பிள்ளைக்குத் தொழில்நுட்பப் படிப்பில் இப்படி ஒரு தனிப் பலம் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இதனால்தான் உங்களுக்கு நான் இரண்டாவது வழியாக டிப்ளமோவைச் சொல்கிறேன். மனசுக்குள் அதையே முதல் வழியாக நினைக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவருக்குப் பாலிடெக்னிக் மூன்று ஆண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துப் பிளஸ் டூ தேறிய நீங்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் இயந்திரவியல் அல்லது ஆட்டோமொபைல் டிப்ளமோ கையில் இருக்கும். அரசுப் பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் முதல் நடப்பில் இருக்கிறது; டிப்ளமோவுக்கும் அது பொருந்தும். மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022இலேயே வந்தது. டிப்ளமோ முடித்த பிறகு 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு ஓராண்டு தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போகலாம். இல்லையென்றால், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இந்த நேரடிச் சேர்க்கைக்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வந்திருக்கிறது.

கணக்குப் பாருங்கள். டிப்ளமோ இரண்டு ஆண்டு, அதன்பின் பி.இ. மூன்று ஆண்டு, ஆக ஐந்து. நேராகப் போனால் நான்கு. ஓராண்டுதான் கூடுகிறது, அதற்கு மாற்றாக இரண்டாம் ஆண்டின் முடிவில், தொடரலாமா நிறுத்தலாமா என்று தீர்மானிக்கும் இடம் ஒன்று கிடைக்கிறது, நிறுத்தினாலும் கையில் ஒரு தகுதி இருக்கிறது. பி.இ.யை இரண்டாம் ஆண்டில் நிறுத்துபவரின் கையில் எதுவும் இல்லை. கணிதத்தில் தடுமாறும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

அம்மாவுக்குப் "பட்டம்" என்ற சொல் வேண்டும் என்பது புரிகிறது. கிராமத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அரசு வேலைகளிலும் அதற்குக் கணக்கு உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்றாலும் குரூப் 2க்கும் காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கும் பட்டம் வேண்டும். அதே நேரத்தில், நம் பக்கத்து மக்கள் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று பயபக்தியோடு சொல்கிறார்களே, அந்த மோட்டார் வாகன ஆய்வாளர் நிலை 2 பதவிக்குக் கேட்கப்படுவது ஆட்டோமொபைல் அல்லது இயந்திரவியல் டிப்ளமோவும், ஓட்டுநர் உரிமமும். ரிக் வண்டிக்காரர் வீட்டில் பிறந்து, பட்டறையில் வளர்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான தகுதிப் பட்டியலை நான் பார்த்ததில்லை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதை நம்பி மட்டும் படிக்க வேண்டாம். டிப்ளமோ என்றால் தாழ்வு என்று அம்மா வருந்தும்போது சொல்லிக் காட்டுவதற்கு இது உதவும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் 2010இல் வந்தது. பதவிக்கு நிர்ணயித்த கல்வித் தகுதி வரை எல்லா வகுப்பையும் தமிழில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் திருத்தப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வரையும் தமிழ் வழியில் படித்திருந்தால், பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட பதவிகளுக்கு உங்களுக்கு அது உண்டு. ஆங்கில வழியில் பி.இ. முடித்துவிட்டுப் பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட பதவிக்கு அதைக் கேட்க முடியாது. இதை ஒன்றை மட்டும் வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பொறியியல் கலந்தாய்வுக்கும் பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடுங்கள், ஏனென்றால் பாலிடெக்னிக் விண்ணப்பம் முன்னதாக முடிந்துவிடும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தேர்ச்சி விழுக்காடு நன்றாக உள்ள கல்லூரியில் இயந்திரவியல் கிடைத்தால் பி.இ.க்குப் போங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் கீழே இறங்கி இறங்கி எதையாவது பிடிக்காமல், டிப்ளமோவில் சேருங்கள். முடிவு தெரியும் வரை உள்ள நாட்களில் மாமாவிடம் கூலிக்கே வேலைக்குப் போங்கள். மருமகனாக அல்லாமல் மற்ற ஆட்களைப் போல் காலை எட்டு மணிக்குப் போய், வெயிலில் தகடு சுடும்போதும் நின்று பாருங்கள். இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்கிறதா, அல்லது படிப்பிலிருந்து தப்பிக்கும் வழியாகத்தான் இனித்ததா என்பது ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் இயந்திரவியலையும் மறு யோசனைக்கு எடுத்துக்கொள்ளலாம். அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கு, பன்னிரண்டில் 87 வாங்கியவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அதற்கான இணைய விண்ணப்பமும் இதே நாட்களில்தான் நடக்கும்.

கடைசியாக, கொடுத்துவிட்ட 10,000 ரூபாயும் சான்றிதழ்களும். ரசீது எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கல்லூரியின் பெயரில் இருந்தால் வேலை எளிது: வகுப்புகள் தொடங்கும் முன் விலகும் மாணவருக்கு, நடைமுறைச் செலவாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. "சேர விரும்பவில்லை, அசல்களையும் தொகையையும் திருப்பித் தரவும்" என்று இரண்டு வரியில் முதல்வர் பெயருக்குக் கடிதம் எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ரசீதே இல்லாமல் முகவரின் முகவரி அட்டையின் பின்புறம் "10,000 பெற்றேன்" என்று மட்டும் எழுதித் தந்திருந்தால், பணம் திரும்ப வருவது சிரமம். அதற்காக மீதிப் பணத்தையும் கட்டிவிடலாம் என்று அம்மா நினைக்கக்கூடும், அதை மட்டும் தடுத்துவிடுங்கள். சான்றிதழ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேசுவதற்கு மாமாவை உடன் அழைத்துப் போங்கள். இந்த வேலைக்கு அவரைவிடச் சரியான ஆள் உங்கள் வீட்டில் இல்லை. திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். பாலிடெக்னிக்கில் சேரும் நாளில் மாற்றுச் சான்றிதழின் அசலைத்தான் முதலில் கேட்பார்கள்.